கேட்கக் கூடாத கேள்வி

“கொழந்தையோட வெளியூர் எங்கனா போய்ட்டு வந்தீங்களா?”

நர்ஸ் ஜெயசுதா கேட்டதுதான் தாமதம், துணைக்கு வந்திருந்த சிங்காரம் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார்.

“இன்னாம்மா கேள்வி இது? போலீஸ்காரன் கேக்குற கேள்வி! மலைக்காரன் ஊர வுட்டு நவுந்தா ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டத்தான் போவானா?”

“ஐயா, காய்ச்சலுக்காகக் கேக்குறேன். ரத்தம் எடுத்துப் பாக்கணும்.”

“இன்னிக்கி ரத்தம் எடுப்பீங்க. நாளைக்கு கைரேகை எடுப்பீங்க!”

அந்த ஒரு கேள்வியை எதிர்த்தே இருபது வருஷம் நின்றவர். மறியல், உண்ணாவிரதம், வேலூர் ஜெயில். ஜமுனாமரத்தூர் சந்தையில் அவர் நோட்டீஸ் வாங்காத கை கிடையாது.

ஜெயசுதா குழந்தையின் அம்மா நதியாவிடம் குனிந்தாள். “நீ சொல்லும்மா.”

நதியா, மடியில் சுருண்டு கிடந்த நாலு வயது கவியாவை இறுக்கிக்கொண்டாள். “மூணு மாசமா சந்தவாசல்ல, அம்மா வூட்டுல இருந்தோம்.”

சிங்காரம் குறுக்கிட்டார். “நான் சாட்சி. போதுமா? மாத்திரைய வாங்கினு வா, போலாம்.”

“காய்ச்சல் வுடலன்னா உடனே தூக்கினு வாங்க!” ஜெயசுதா வாசல்வரை ஓடி வந்தாள். சிங்காரம் திரும்பவில்லை. ஜெயித்தவர் நடை.

மூன்றாம் நாள் ஜீப்பில் கவியாவைக் கொண்டுவந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். மூத்திரம் கடுங்காப்பி நிறம். வலிப்பு நிற்கவேயில்லை.

“இப்பவாச்சும் சொல்லு. எங்க போனீங்க?” ஜெயசுதா கேட்டாள்.

நதியா உடைந்தாள். “உகாண்டா. அவரு அங்க போர்வெல் வண்டியில வேல செய்றாரு. திரும்பி வந்து ரெண்டு வாரம் ஆவுது.”

ஒரு சொட்டு ரத்தம். கால் மணி நேரம். மலேரியா.

“மூளைக்கு ஏறிடுச்சு,” என்றார் டாக்டர், ஊசியைப் போட்டபடி. “மூணு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா மலேரியா மாத்திரையிலயே கேட்டிருக்கும். வேலூருக்குக் கொண்டு போங்க. இனிமே சொல்றதுக்கில்ல.”

ஆம்புலன்ஸ் உறுமியது. சிங்காரம் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“அடிப்பாவி! பெத்த புள்ளயவிடவா ரகசியம் பெருசு? அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

வண்டிக்குள் ஏறிய நதியா திரும்பிப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை.

“நீங்க குடுத்த நோட்டீஸுதான் மாமா. உகாண்டாவுக்குப் போறப்ப அவரு வூட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சிட்டுப் போனாரு. ‘எங்கே போனாய் என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே.’”