பிந்தி விழுந்த கோல்

"செட்டாப் பாக்ஸ் வேகமா ஓடுமா?" என்று கேட்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். "மெதுவா ஓடுமா?" என்று கேட்டவர் லோவ்ரே ஒருத்தர்தான்.

என் பெயர் தூயே. கடலோர ஊரான ஷிபெனிக்கில் டிஷ் ஆன்டெனா மாட்டுவது என் பிழைப்பு. லோவ்ரேயின் வீடு ஊருக்கு வெளியே குன்றின்மேல் தனியாக நிற்கிறது. மேல்மாடியில் அவர். கீழே அவர் அண்ணன் நிக்ஷா. அப்பாவின் படகை விற்றதில் தகராறு. இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது.

மேல்மாடியில் எல்லாமே தானாக நடக்கும். ஆள் வந்தால் விளக்கு எரியும். வெயில் ஏறினால் ஜன்னல் மறைப்பு இறங்கும். இனி செட்டாப் பாக்ஸும் வீட்டின் சொல்பேச்சைக் கேட்க வேண்டுமாம். நான் கொண்டுபோன விலை உயர்ந்த இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"என்ன சேனல் ஓடுதுன்னு பாக்ஸ் வீட்டுக்குச் சொல்லணும், தூயே. மேட்ச்னா வீடே பாக்ஸை அரை நிமிஷம் நிறுத்தி வச்சிட்டு அப்புறம் ஓட விடணும். என் கையில விட்டா நான் அவசரப்பட்டுருவேன்."

பணம் படுத்தும் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு பழைய மாடல் அவர் சொன்னதையெல்லாம் செய்தது. மாட்டிய அன்று மாலையே நாட்டு அணியின் ஆட்டம். சோதித்துப் பார்க்க நானும் உட்கார்ந்தேன். ஒயினும் உப்பிட்ட நெத்திலியும் வந்தன. விளக்குகள் மங்கின, படம் உறைந்து நின்றது, பிறகு ஓடியது.

சற்று நேரத்தில் என் தம்பியிடமிருந்து போனில் செய்தி: கோல். திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருந்தது.

சிரிப்பை அடக்க முடியவில்லை. "இவ்வளவு செலவு பண்ணி, ஊருக்கே கடைசியாப் பாக்கறீங்களே அண்ணே."

"பேசாம இரு" என்றார். அவர் பார்வை திரையில் இருந்தாலும் கவனமெல்லாம் தரைமேல் இருந்தது.

பந்து வலைக்குள் பாய்ந்தது. "கோல்!" என்று லோவ்ரே கத்தினார். அதே நொடியில் காலடியிலிருந்தும் ஒரு கத்தல் கிளம்பியது, அச்சு அசலாக அதே குரலில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

லோவ்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கீழ இன்டர்நெட் டிவி. எப்பவும் பின்னாடிதான் வரும். நான் கத்தறதுலயே கோல்னு அவனுக்குத் தெரிஞ்சுரும். போன மேட்ச்ல பாதியிலேயே டிவியை அணைச்சுட்டான். அப்புறம்தான் நியூஸ் நேரத்துல தரையில காதை வச்சுப் படுத்து, எவ்வளவு பின்னாடி வருதுன்னு பார்த்தேன்."

"அவருக்கும் ஒரு டிஷ் வாங்கிக் குடுத்திருக்கலாமே?"

"நான் குடுத்தா வாங்கிப்பானா?"

"சரி, நீங்களாவது கத்தாம இருந்திருக்கலாம்."

லோவ்ரே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்களுக்குள்ள மிச்சம் இருக்கறது அந்த ஒரு வார்த்தைதான், தூயே. அதையும் நிறுத்தச் சொல்றியா?"