வரகுக்கு வரவேண்டிய பத்துச் சால்

முதலில் எனக்குக் கெடுதல் செய்தது லாரியில் வந்த அந்த அரிசிச் சாக்குதான்.

நான் வரகு. ராக்காயி வீட்டு அடுப்படியில் என் இடத்தில் அது உட்கார்ந்தது. என்னைப் பானையோடு பரணில் ஏற்றினார்கள். தோட்டம் முழுக்க மக்காச்சோளம் விதைத்தார்கள். எனக்கு ஒரு உழவுச் சால்கூட விடவில்லை.

"பெருசு, மேலே காத்து வருதா?" என்று சாக்கு தினமும் கேட்கும்.

"உன் வாயிலிருந்து வர்ற காத்தே போதும்டா" என்பேன். அதைத் தவிர என்னிடம் பேசுவார் யாருமில்லை. இப்படியே ஆறு வருஷம் போயிற்று.

ஐப்பசி வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. லாரி வரவில்லை. சாக்கு காலியாகி மூலையில் சுருண்டது.

"பெருசு, பிள்ளைங்க அழுவுதுங்க. மனசு வச்சு இறங்கு" என்றது.

ராக்காயி பானையை இறக்கினாள். முதல் வேலையாக ஒரு பிடி எடுத்து விதைக்கென்று துணியில் முடிந்து பரணிலேயே வைத்தாள். "கோவிச்சுக்காதே சாமி. ஆடியில கிழக்கே பத்துச் சால் உனக்குத்தான்" என்றாள்.

நான் உரலில் குத்துப்பட்டேன். இருபத்திரண்டு நாள் அந்த வீட்டுக்குக் கஞ்சியானேன்.

பாலம் சரியானது. லாரி வந்தது. பழைய சாக்கைக் கால்மிதியாக்கிவிட்டு, அதே இடத்தில் புதுச் சாக்கை வைத்தார்கள். அது பரணைப் பார்த்து, "யாரு நீ?" என்றது.

ஆடி வந்தது. கிழக்கேயும் மக்காச்சோளமே விதைத்தார்கள்.

முடிச்சுக்குள் ஒரு பிடியாக இருக்கிறேன். அந்தப் பத்துச் சால் எனக்கு இன்னும் வரவில்லை.