ஹாஜியார் வீட்டுத் தட்டி

“அந்தத் தட்டியில கை வெச்சீங்கண்டா நான் பள்ளிவாசல்ல போய்ப் படுத்துக்குவேன், செல்லிட்டேன்!”

ஹுசைன் ஹாஜியார் விறாந்தைக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றார். எதிரே அளவுகோலோடு மகன் புவாத். அவனுக்குப் பின்னால், யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் தச்சன் நிக்கலஸ் பாஸ்.

“வாப்பா, இன்னும் பத்து நாள்ல நம்மட மர்லியாவுக்கு மாப்புள பேச வாராங்க. இதப் பாத்தா கோழிக்கூடுண்டு நெனப்பாங்க.”

புவாத் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் கிளாக்கர். ஜோர்ஜ் ராசாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. கறுவாத்தோட்டத்தில் துரையின் பங்களாவுக்குப் போனவன், அங்கே கண்ணாடி அடைத்த அறையொன்றைக் கண்டதாக வீட்டில் வந்து சொன்னான். மறுநாளே தங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கும் ‘சன் ரூம்’ வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான்.

முன் ஹோலை ஒட்டிய விறாந்தைதான் அவன் குறி. நாலு பக்கமும் மரச்சட்டம் பின்னிய தட்டி. ஆம்பிளைகள் யாரும் வந்தால் வீட்டுப் பெண்கள் அதற்குள் போய் இருந்துகொள்வார்கள். பட்டப்பகலிலும் அங்கே ஊசியில் நூல் கோக்க முடியாது.

“கண்ணாடி போட்டா வெயில் சுடும்” என்றார் ஹாஜியார்.

“தோட்டத்துப் பக்க ஜன்னலத் தொறக்கலாம்.”

“பொம்புளையள் ஈக்கிற எடம். ஊரே பாக்கும்.”

“லேஸ் திரை போடுவம், வாப்பா.”

“காகம் கொத்தும்!”

நிக்கலஸ் பாஸே சிரித்துவிட்டார். ஹாஜியாருக்கு நாலாவது காரணம் அகப்படவில்லை. உள்ளே பார்த்துக் கத்தினார். “ஸைனம்பு! நீயாவது இவனுக்குச் செல்லேன்!”

ஸைனம்பு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் வந்தாள். “ஏன்ட முழங்கால் நோவுக்கு வெயில் நல்லமாம். புள்ள ஆசப்படுறான், விடுங்களேன்.”

ஹாஜியார் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். “வெளங்கித்தான் பேசுறியா?”

“மிச்சம் நல்லா வெளங்கித்தான்.”

மனிதரின் பயம் சும்மா இல்லை. வெள்ளவத்தையிலிருந்து பொரளை வரைக்கும் எந்த வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு என்றாலும், பையனை ஒருதரம் ஹுசைன் ஹாஜியாரிடம் கூட்டிவந்துவிடுவார்கள். அவர் பையனோடு நாலு வார்த்தை பேசுவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறந்து “நல்லம்” என்றால் நிக்காஹ். “யோசிங்க” என்றால் பேச்சு அதோடு சரி. இருபது வருஷத்தில் ஒன்றுகூடப் பிழையாய்ப் போனதில்லை. அல்லாஹ் கொடுத்த பார்வை என்று சனம் சொல்லும். ஹாஜியாரும் தாடியைத் தடவிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்.

இப்போது சொந்த மகளுக்கு ஒருவனைப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டி இல்லாவிட்டால் தனக்கு ஒன்றும் ஓடாது, பிள்ளையின் வாழ்க்கை பாழாகிவிடும் என்று அவர் மகனிடம் வாய்விட்டே சொன்னார்.

“ராசியா வாப்பா? வெளிய செல்லாதீங்க, சிரிப்பாங்க” என்றான் புவாத்.

தட்டி போயிற்று. கண்ணாடி வந்தது.

பத்தாம் நாள் மாப்பிள்ளை பாயிஸ் தன் மாமாவோடு வந்தான். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவன். கண்ணாடிக் கதவு சாத்தி, திரை போட்டிருந்தது. ஹோல் முழுக்க வெளிச்சம்.

“தொழுகையெல்லாம் எப்படித் தம்பி?” என்று தொடங்கினார் ஹாஜியார்.

“சுபஹுக்கு மட்டும் சில நாள் எழும்ப ஏலாமப் போவுது, ஹாஜியார்.”

“கோவம் வருமா?”

“வரும். கெதியாப் போயிரும்.”

ஹாஜியாருக்குத் தலை சுற்றியது. இவன் உண்மையைச் சொல்லுகிற நல்லவனா, எதற்கும் துணிந்த பயலா? வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஒரு நிமிஷம் போனது. இரண்டு போனது. அவர் துஆ ஓதுகிறாராக்கும் என்று மாப்பிள்ளையின் மாமாவும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹாஜியார் பலமாக ஒருதரம் செருமினார். பிறகு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். தேத்தண்ணி முன்னாலேயே ஆறிப்போய்க் கிடந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே மகளைக் கேட்டு வந்த பையன், பதிலுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எதைச் சொல்வது?

கடைசியில் பொறுக்கமுடியாமல் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். ஸைனம்பு நல்ல வெயிலில், கலியாண வீடுகளுக்கு மட்டும் உடுக்கிற பட்டுச் சேலையில், இவர் வருவாரென்று தெரிந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“வளையல் சத்தத்தக் காணல்லயே, ஸைனம்பு!” என்று அவள் காதோடு கெஞ்சினார். “ஒருக்காத் தட்டினியா, ரெண்டு தரமா? நீ தட்டிச் செல்லாம நான் எந்தக் காலத்துல மாப்புள பாத்தீக்கிறேன்?”

ஸைனம்பு எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“ஊர்ப் புள்ளைகளுக்கு வளையல் போதும். ஏன்ட புள்ளைக்கு நான் வாயத் தொறந்து பேசணும். அதுக்குத்தானே, சத்தம் வெளியில கேக்காத கண்ணாடி போடுவமெண்டு புவாதுக்கு நானே செல்லிக் குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு, கணவரைத் தாண்டி ஹோலுக்குள் நடந்தாள்.