வடக்குப் பக்கம்

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்துச் செய்யவில்லை. ஊரில், சாயர்புரத்தில், வேதக்கோயிலென்றால் அப்படித்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, இடது பக்கம், பெண்களோடு தரையில். வந்ததே தாமதம், குழந்தை வேறு சிணுங்கியது. தூணோரமாய்ப் போனதும் முட்டி தானாக மடங்கிவிட்டது.

இது இங்கிலாந்துக் கிராமம்.

பெஞ்சுகளில் தலைகள் திரும்பின.

எழுந்தால் அசிங்கம். எழாவிட்டால் அதைவிட.

கல்லின் குளிர் சேலையைத் தாண்டி ஏறியது.

ஆராதனை முடிந்ததும் போதகர் கேட்பார். பிள்ளைக்கு இங்கேயே ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். ஞானத்தாயாக நிற்க மட்டும் ஒருத்தியைப் பார்த்துவையுங்கள் என்றிருந்தார். யாரைப் பார்ப்பது? கணவனுக்கு ஞாயிறும் வேலை. தெருவில் யாரோடும் ஒரு வார்த்தை பேசிப் பழகியதில்லை.

நேற்று போனில் அம்மா விடவில்லை.

"ஏட்டி, அந்தக் கோயிலுக்குப் பொம்பளையளே வரமாட்டாவளா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி இவள் வைத்துவிட்டாள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். பருத்த உடம்பு, சேறு காய்ந்த பூட்ஸ். இவள் உள்ளே நுழைந்தபோது கோபுரத்தடியில் கயிறு பிடித்துக் கடைசி மணியை அடித்துக்கொண்டிருந்தவள்.

எழுப்பிவிடத்தான் வருகிறாள்.

குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

மணியடிப்பவள் தூணைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு கிசுகிசுத்தாள். இந்தக் கோயிலைக் கட்டியபோது பெஞ்சே கிடையாதாம். அதெல்லாம் இருநூறு முந்நூறு வருஷம் கழித்து வந்ததாம். அதுவரை ஊரே நின்றது, முடியாவிட்டால் தரையில் உட்கார்ந்தது. பெண்கள் இந்த வடக்குப் பக்கம். சுவரை ஒட்டி ஓடும் அந்தக் கல்திட்டு மட்டும் கிழடுகளுக்கும் நோயாளிகளுக்கும்.

"எனக்கு இன்னும் அந்த வயசு ஆகல."

தூணின் அடியைக் காட்டினாள். மேலே உளி கொத்திய சொரசொரப்பு. கீழே, உட்கார்ந்தவர் முதுகு படும் உயரத்தில் மட்டும், எண்ணெய் தேய்த்ததுபோல் வழவழப்பு.

எத்தனை முதுகுகள்.

அவள் மெல்லச் சாய்ந்தாள். சரியாகப் பொருந்தியது.

முன்வரிசையில் ஒரு கிழவர் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

கடைசிப் பாட்டு முடிந்தது. போதகர் நேரே இவர்களிடம் வந்து நின்றார். யாராவது கிடைத்தார்களா என்று குனிந்து கேட்டார்.



அவள் பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் மணியடிப்பவளின் பேரைக் கேட்டாள்.