செவ்வாய்க்கிழமை சார்ஜ்

“பதினாலுதான் காட்டுது” என்று கையை விரித்தார் பாண்டுரங்கன். சலவைச் சட்டை, தோளில் ஆஸ்பத்திரிப் பை, விரலில் கார் சாவி. கிளம்பி நின்ற மனிதரைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

முன்சீட்டில் ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி சகுந்தலாவுக்கு அழுகை முட்டியது. இது மூன்றாவது செவ்வாய். படுக்கப் போகும்போது தொண்ணூற்றாறு பர்சென்ட் இருந்த கரண்டு கார் பேட்டரி, விடிந்தால் பதினாலு. ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கி வேலூர் போக இது எந்த மூலைக்கு?

கேன்சருக்கு ஆறு ஊசி என்று சொல்லியிருந்தார்கள். நாலு போட்டாயிற்று, தலைமுடியும் போயாயிற்று. மீதி இரண்டையும் போட்டுக்கொண்டால் பிழைத்துவிடலாம் என்று அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்க, ஐந்தாவதே தள்ளித் தள்ளிப் போகிறது. அந்த ஊசி போடுவது செவ்வாய்க்கிழமை மட்டும்தான். பஸ்ஸில் போகலாமென்றால், முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும்.

“ஒரு வாடகை வண்டி சொல்லுங்களேன்.”

“சொந்த வண்டி வாசல்ல நிக்கசொல்லோ வாடகை இன்னாத்துக்கு? அடுத்த செவ்வா பாத்துக்கலாம்.”

“மெக்கானிக்கையாவது கூப்புடுங்க.”

“அதெல்லாம் தானா சரியாயிடும்.” பையை இறக்கி வைத்துவிட்டுத் தன் புளி மண்டிக்குப் போய்விட்டார்.

தெரு சும்மா இருக்குமா? கரண்டு கார் வாங்கியது ஒரு வீடு. அதற்கு வைத்தியம் சொன்னது நாற்பது வீடு. எதிர்வீட்டு சம்பூர்ணம், எலி ஒயரைக் கடிக்கிறது என்றாள். யாரோ காரிலிருந்து ஒயர் இழுத்து டி.வி. பார்க்கிறார்கள் என்றான் குப்பன். அவன் வீட்டில்தான் இழுத்திருக்கிறார்களா என்று நாலு பேர் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம்கூட ஆயிற்று. கடைசியில் தெரு ஒருமனதாகக் கண்டுபிடித்தது ஒன்றைத்தான்: பாண்டுரங்கன் கஞ்சன்.

சகுந்தலாவுக்கும் மனசுக்குள் அந்த முள் இருந்தது. முன்பெல்லாம் பத்தியத்துக்குப் போலீஸ் மாதிரி காவல் நிற்பார். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் இங்கே ஜன்னலைச் சாத்துவார். அதே மனிதர், நாலாவது ஊசி முடிந்து திரும்பும் வழியில் அமிர்தி தாண்டி வண்டியை நிறுத்தி, பலாச்சுளை வாங்கி அவள் மடியில் போட்டார். “ஆசப்பட்டியே, சாப்புடு. இன்னா ஆயிடப் போவுது?” அக்கறை விட்டுப் போயிற்று என்று அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

அதனால் இந்த முறை அவரிடம் கேட்கவில்லை. அவளே போன் போட்டாள். மத்தியானத்துக்குள் வேலூரிலிருந்து பைக்கில் மலையேறி வந்துவிட்டான் மெக்கானிக் சின்னராஜ். கூப்பிடாமலே சம்பூர்ணமும் வந்துவிட்டாள்.

பானட்டைத் திறந்து மூடினான். சார்ஜ் போடும் பிளக்கை முகர்ந்து பார்த்தான். எலி இல்லை, ஒயர் இல்லை. “அக்கா, ராத்திரில சாவிய எங்க மாட்றீங்க?”

“சாமி படத்தாண்டதான். வண்டி வாங்கின நாள்லேர்ந்து அங்கதான்.”

“அந்தச் செவுத்துக்கு வெளிய வண்டி நிக்குது. சாவி அவ்ளோ கிட்ட இருந்தா வண்டி தூங்கவே தூங்காதுக்கா. யாரோ வர்றாங்கன்னு முழிச்சிக்கினே கெடக்கும்.”

சம்பூர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சகுந்தலாவின் முகம் பல நாள் கழித்துக் கொஞ்சம் மலர்ந்தது. “அப்ப சாவிய மாத்தி வெச்சா சரியாயிடுமா தம்பி? அடுத்த செவ்வா போய்டலாமா?”

“சாவி ரெண்டு மூணு பர்சென்ட் குடிக்கும்க்கா. எம்பதெல்லாம் குடிக்காது” என்றபடி லேப்டாப்பைக் காரோடு இணைத்தான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தவன், தலையைச் சொறிந்தான்.

“இன்னாடா ஆச்சு? சொல்லு” என்று அதட்டினாள் சம்பூர்ணம், ஏதோ தன் வீட்டுக் கார் மாதிரி.

“மூணு திங்கக்கெழம ராத்திரியும் ஹீட்டர் ஓடியிருக்கு. வண்டிக்குள்ள யாரும் ஏறல. போன்லேர்ந்தே போட்டிருக்காங்க. கால் மணி நேரத்துல அதுவா நின்னுடும்க்கா. நிக்க நிக்க மறுபடி மறுபடி போட்டிருக்காங்க, விடியற வரைக்கும்.”

“யாரு போனு?” என்றாள் சகுந்தலா.

சின்னராஜ் சம்பூர்ணத்தைப் பார்த்தான். அவள் நகர்வதாக இல்லை. “அண்ணன் போன்தான்க்கா.”

சாயங்காலம் பாண்டுரங்கன் திரும்பியபோது, தெருவில் அத்தனை வாசலுக்கும் ஒரே நேரத்தில் பெருக்கும் வேலை வந்திருந்தது. பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

சகுந்தலா காரில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தாள். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் புருஷனிடம் ‘ங்க’ போடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ராத்திரி பூரா முழிச்சிருந்து என்ன சாகடிக்கப் பாத்தியாய்யா? இன்னும் ரெண்டே ஊசி. அதப் போட்டா நான் பொழச்சிடுவேன்னு உனக்கு அவ்ளோ கஷ்டமா? வாயத் தொறந்து சொல்லு, ஊரே கேக்கட்டும்.”

பாண்டுரங்கன் ஊரைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துக் கார் பானட்டின் மேல் வைத்தார். துடைப்பச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“நாலாவது ஊசியோட போதும், வூட்லயே வெச்சிப் பாத்துக்கச் சொல்ட்டாங்க, சகுந்தலா.”