பெற்றவர் கால்

"ஜீன்ஸைக் கழட்டு கிரெய்க், டாக்டர் வர்ற நேரமாச்சு" என்றாள் மெரில்.

கிரெய்க் கேட்காதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோடை முடிந்து மார்ச் பிறந்தும் அடிலெய்டில் வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுக்கே அரைக்கால் சட்டையோடு போய் நிற்கிற மனுஷன், இன்றைக்கென்று பார்த்துக் கணுக்கால்வரை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தான்.

"விடும்மா. அப்பாவுக்கு ஊசின்னாலே மயக்கம் வரும்" என்றாள் டேகன். சக்கர நாற்காலியில் வலது காலை நீட்டி வைத்திருந்தாள். "நாய்க்குத் தடுப்பூசி போட்டப்பவே வெளிய ஓடின ஆளாச்சே."

டேகனுக்குப் பதின்மூன்று வயது. பிள்ளையென்று இருப்பது அவள் ஒருத்திதான். போன மாதம் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துப் பயிற்சி ஆட்டத்தில் பந்துக்குத் தாவி இறங்கியபோது எதிரணிப் பெண் ஒருத்தி அவள் முழங்கால்மேல் விழுந்தாள். மூட்டு கழன்று, நாலு ஜவ்வில் மூன்று அறுந்துவிட்டது.

அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்பக்கத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வந்து ஒட்டுகிற நாரை எடுத்துவைத்துக் கட்ட வேண்டும். டேகனின் காலிலேயே எடுக்கலாமென்றால் வளர்கிற பிள்ளை, மூன்று ஜவ்வுக்குப் பத்தாது. இறந்தவர்களிடம் எடுத்த நார் இந்த வயதுக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மெரிலின் ரத்தத்தில் பழைய மஞ்சள் காமாலைக் கிருமி இருந்ததால் அவளையும் முதல் நாளே கழித்துவிட்டார்கள்.

மிச்சம் கிரெய்க்கின் இரண்டு கால்கள்தான். அதுவும் இல்லையென்றால் டேகன் இனி ஓடப் போவதில்லை. இருபது வயதில் கிழவியைப் போல மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

கிரெய்க்குக்கு மேற்கே, பெர்த்துக்கும் அப்பால் இரும்புச் சுரங்கத்தில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். பிள்ளை அடிபட்டதும் ஓடி வந்தவன், நார் பேச்சை எடுத்த நாளிலிருந்து லீவு கிடைக்காது என்றான், முதுகு வலி என்றான், வேறு ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாமே என்றான். பெற்ற மகளுக்குக் கொடுக்கக்கூடவா ஒருத்தன் இப்படிப் பயப்படுவான் என்று மெரிலுக்கு வயிறு எரிந்தது.

டாக்டர் ஹார்டிகன் உள்ளே வந்தார். சிக்கலான முழங்கால்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். போன மாதம்தான் பெர்த்திலிருந்து இங்கே மாறி வந்திருந்தார். கிரெய்க் தாடியைச் சொறிந்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர், என் தம்பி தரேங்கறான். நல்ல உடம்பு" என்றாள் மெரில். "இவன்தான் பயந்து சாகறானே. தம்பிகிட்ட எடுக்க முடியாதா?"

"முடியாது மெரில். உயிரோட இருக்கறவங்ககிட்ட எடுக்கறதுன்னா பெத்த அம்மா, இல்லன்னா பெத்த அப்பா. அதுவும் அவங்க சொந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். வேற யாரையும் நான் மேஜையில ஏத்தறதில்ல."

டேகன் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ரொம்ப வலிக்கும்னா வேணாம். நான் நீச்சலுக்குப் போய்க்கறேன்."

கிரெய்க்கின் கண் கலங்கிவிட்டது. எழுந்து ஜீன்ஸைக் கழற்றினான். கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டான்.

இரண்டு முழங்காலுக்கும் கீழே, உட்பக்கமாக, ஒரே அளவில் ஒரே சாய்வில் சின்னத் தழும்பு. டாக்டரின் பார்வை அங்கே நிற்பதைப் பார்த்து மெரில் முந்திக்கொண்டாள். எங்கே இதைக் காரணம் காட்டி வேண்டாமென்று விடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

"அது ஒண்ணுமில்ல டாக்டர். நாலு வருஷத்துக்கு முந்தி சுரங்கத்துல கம்பி அறுந்து ரெண்டு கால்லயும் கீறிடுச்சாம். அங்கயே தையல் போட்டு ஆறு வாரம் படுத்துக் கிடந்தான். நான் கிளம்பி வரேன்னேன், வேணவே வேணாம்னுட்டான். அதனால தடை ஒண்ணும் இல்லையே?"

டாக்டர் கிரெய்க்கின் காலை மடக்கி, குதிகாலைப் பிடித்து, "இழுங்க" என்றார். முழங்காலின் பின்புறம் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். நார் கயிறு மாதிரி விறைத்து நிற்க வேண்டிய இடத்தில் விரல் அமுங்கியது. அடுத்த காலையும் மடக்கிப் பார்த்தார். அதிலும் அப்படித்தான்.

பிறகு நிமிர்ந்து கிரெய்க்கின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"தாடி வெச்சிருக்கீங்களா, அடையாளமே தெரியல. ஏன் கிரெய்க், இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே. பாவம், பிள்ளைக்கு வீணா ஆசை காட்டி வெச்சிருக்கோம். ரெண்டு கால்லயும் நான்தானே எடுத்தேன், பெர்த்துல. இனிமே எடுக்க இதுல ஒண்ணும் இல்ல."

மெரிலுக்கு எதுவும் பிடிபடவில்லை. கம்பி கீறிய காலில் இவர் எதை எடுத்தார் என்று விழித்தாள்.

"அப்ப எனக்கு?" என்றாள் டேகன்.

டாக்டர் இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினார். டேகன் கட்டுப் போட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரெய்க் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"அழாதீங்க கிரெய்க். அன்னிக்குக் குடுத்தது வீணாப் போகலையே. உங்க பையன் இப்ப நல்லா ஓடறானா?"