மேல்வரிசையில்லாப் பசு

திண்டிவனம் கால்நடை மருத்துவமனையின் வேப்பமர நிழலில், இளவெயில் புள்ளிபுள்ளியாய் அசைய, மரக்காணத்துக் கடற்கரையிலிருந்து வந்த தையல்நாயகி தன் முதற்பசுவின் கழுத்தை அணைத்தபடி நிற்கிறாள். நேற்றுச் சந்தையில் வாங்கிய அந்தப் பசுவுக்கு மேல்வாயில் முன்பற்களே இல்லை. “கெழட்டு மாட்ட உன் தலையில கட்டிட்டானுங்க. சுறாவுக்கு மேலயும் கீழயும் பல்லு இருக்குது, இதுக்கு இல்லியே! ஜல்தியா திருப்பி உட்டுட்டு வரலாம் வா,” என்கிறான் கணவன் ஜெகதீசன். “பேரு வெச்சிட்டேன்யா, எப்படித் திருப்பி உடுறது?” என்று அவள் பசுவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொள்கிறாள். மருத்துவர் பரிமளா பசுவின் உதட்டை உயர்த்திப் பார்த்துச் சிரிக்கிறார். “எந்த மாட்டுக்கும் மேல முன்பல்லு கிடையாதும்மா. கன்னு வயித்துல இருக்கறப்போ தாடையில இருக்கற செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லிக்கினே இருக்கும். கீழ்த்தாடையில அந்தப் பேச்சு முழுசா நடக்குது, பல்லு முளைக்குது. மேல, முன்பக்கத்துல, ஆரம்பிச்ச பேச்சு பாதியிலயே நின்னுடுது. அதான் பல்லுக்குப் பதிலா இந்தக் கெட்டி மேடு. கீழ்ப்பல்லப் பாத்தா நல்ல எளம் மாடு!” தையல்நாயகி விரலை நுழைத்து அந்த மேட்டைத் தடவுகிறாள்; அலை தேய்த்த படகின் விளிம்பைப்போல் ஈரமாய், வழவழப்பாய் இருக்கிறது. அந்நேரம் பசுவின் நீண்ட நாக்கு ஜெகதீசனின் தோள்துண்டைச் சுற்றி வளைத்து வாய்க்குள் இழுக்கிறது. அவன் இழுக்கிறான், பசு விடுவதாயில்லை. “பல்லில்லாத மாடுதானேய்யா, புடுங்கு பாக்கலாம்!” என்று தையல்நாயகி கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள்.